ஒரு சதவீதம் என்றால் எதில் ஒரு சதவீதம்?

சேர்வராயன் மலையில் மழைக்காலத்தை ஒட்டி போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியை அடிப்பார்கள். காபி இலைத் துருநோய்க்கு 0.5 சதவீதம், மிளகு வாடலுக்கு 1 சதவீதம். 1 சதவீதத்துக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட் படிகம்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் மொத்தம் 100 லிட்டர். அந்த ‘மொத்தம்’ என்ற சொல்லில்தான் பலர் சறுக்குகிறார்கள். துத்தத்தை 100 லிட்டரிலும் சுண்ணாம்பை இன்னொரு 100 லிட்டரிலும் கரைத்து ஒன்றாக ஊற்றினால் செறிவு பாதியாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் 50 லிட்டர்தான்.

சரி, இந்த 1 சதவீதம் எதைக் குறிக்கிறது? தாமிரத்தை அல்ல, நீலப் படிகத்தை. படிகத்தில் தாமிரம் ஏறக்குறைய கால் பங்குதான். மீதி சல்பேட்டும் தண்ணீரும். கடையில் வாங்கும் 50 சதவீத காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளிலும் இதே குழப்பம் வரும். ‘0.2 சதவீதம்’ என்பது பாக்கெட்டில் உள்ள தூளுக்குச் சொன்னது என்றால் லிட்டருக்கு 2 கிராம். உள்ளே இருக்கும் மூல மருந்துக்குச் சொன்னது என்றால் 4 கிராம். சிபாரிசு எதைச் சொல்கிறது என்று பார்க்காமல் தராசை எடுப்பது வீண்.

மலையிறங்கி சேலத்தில் எந்தக் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனாலும் இதே துத்தம் இருக்கும். அங்கே செறிவை மோலாரில் சொல்வார்கள்: ஒரு லிட்டர் கரைசலில் மூலக்கூறு எடை அளவு கிராம் இருந்தால் 1 மோலார். 0.1 மோலார் கரைசல் 1 லிட்டர் வேண்டுமென்றால் 24.97 கிராம் படிகம் தேவை. படிக நீரை மறந்து, மூலக்கூறு எடையை 249.7-க்குப் பதில் 159.6 என்று எடுத்தால் 15.96 கிராம்தான் போடுவோம், செறிவு 0.064 மோலாராக இறங்கிவிடும். பெருக்கலில் பிழையே இருக்காது என்பதால் நோட்டைத் திருத்துபவர் கண்ணிலும் இது எளிதில் படாது. புட்டியின் லேபிளில் உள்ள வாய்பாட்டை, புள்ளிக்குப் பின்னால் வரும் 5 நீர் உட்பட, முழுதாகப் படிப்பது ஒன்றே வழி.

அமிலப் புட்டியில் வேறு கதை. 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பது எடைக்கு எடை, அதாவது 100 கிராம் கரைசலில் 37 கிராம். அடர்த்தி 1.19-ஐக் கணக்கில் சேர்த்தால்தான் 12 மோலார் வரும். விட்டால் 10-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். அப்புறம், 100 மி.லி. தண்ணீரில் 40 கிராம் காஸ்டிக் சோடா போட்டால் அது 40 சதவீதமாகாது. எடைக் கணக்கில் 28.6-தான். தோட்டத்து 1 சதவீதத்தில் இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை.

தோட்டத்தில் கணக்கைக் கவிழ்ப்பது பழைய சுண்ணாம்பு. காற்றுப் பட்டு வீரியம் போன சுண்ணாம்பு எடையில் சரியாக நிற்கும், வேலையில் நிற்காது. கலவையில் துரு நீக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும். நிறம் படியாத வரை சுண்ணாம்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.