பைத்தானில் தமிழ் வரியைப் பிரிக்கும் பார்சரும் அதற்கான டெஸ்டும்

மளிகைப் பட்டியலில் ‘கொத்தமல்லி 2 கட்டு’ என்று ஒரு வரி. இதைப் பொருள், அளவு, அலகு என்று பிரிக்கும் சின்ன பார்சரைப் பைத்தான் 3-இல் எழுதுவோம். நிரலைச் சோதிக்கும் கருவியான பைடெஸ்ட் ஏற்கெனவே நிறுவியிருப்பீர்கள்.

சொல்லைப் பிடிக்க வழக்கமாகப் போடும் தேடல் குறியான ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’ இங்கே உதவாது. இந்தக் குறிகளைக் கொண்டு தேட பைத்தானோடு வரும் ‘ஆர்ஈ’ மாட்யூல் உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று உடைத்துத் தரும். ஆகவே எண்ணைத் தேடுங்கள். எண்ணுக்கு முன்னால் இருப்பது பொருள், பின்னால் இருப்பது அலகு. இரண்டுக்கும் ஓரத்து இடைவெளியை நீக்கும் ‘ஸ்ட்ரிப்’ போட்டால் பார்சர் தயார். எண்ணைத் தேடும் குறியான ‘பேக்ஸ்லாஷ் டி’ தமிழ் இலக்கமான ‘௨’-வையும் பிடிக்கும், ‘இன்ட்’ அதை 2 ஆக்கிவிடும். இந்த வசதி இலவசம்!

அப்புறம்தான் தலைவலி. விலைப்பட்டியல் டிக்‌ஷனரியில் ‘கொத்தமல்லி’ இருக்கும். ஆனாலும் அப்படி ஒரு சாவியே இல்லை என்று ‘கீ எரர்’ வரும். திரையில் இரண்டு சொல்லும் அச்சு அசலாக ஒன்றுதான். நீளத்தைச் சொல்லும் ‘லென்’ போட்டுப் பாருங்கள்: ஒன்று 10, மற்றது 11. காரணம், ‘கொ’வில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் (3018) எழுதலாம், ஒற்றைக்கொம்பு (3014), கால் (3006) என இரண்டாகவும் எழுதலாம். பார்சரின் முதல் வரியிலேயே ‘யூனிகோட்டேட்டா’ மாட்யூலின் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷனை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் ‘என்எஃப்சி’ வடிவத்தில் அழையுங்கள். டிக்‌ஷனரியின் சாவிகளுக்கும் அதையே செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்து பயனில்லை.

டெஸ்டில் இந்தச் சொல்லைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். எந்த வடிவம் கோப்பில் போய் உட்கார்ந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. குறியீட்டு எண்ணை எழுத்தாக்கும் ‘சிஎச்ஆர்’ ஃபங்ஷனுக்கு 3014, 3006 கொடுத்து, வருவதை ‘க’வுக்குப் பின்னால் ஒட்டுங்கள். உள்ளீடுகளை, ஒரே டெஸ்டை ஒவ்வொன்றுக்கும் ஓட்டும் பைடெஸ்டின் ‘பாராமெட்ரைஸ்’ பட்டியலில் அடுக்கினால் போதும். பைத்தானோடு வரும் சோதனைக் கருவியான யூனிட்டெஸ்டில் இதற்கு ஒரு கிளாஸ் எழுத வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

எழுத்து எண்ணிக்கை வேண்டுமா? ‘லென்’ 10 என்று சொல்லும் கொத்தமல்லியில் நம் கணக்குக்கு 6 எழுத்துதான். தனியாக நிறுவும் ‘ரெஜெக்ஸ்’ மாட்யூலில் ‘பேக்ஸ்லாஷ் எக்ஸ்’ (பெரிய எழுத்து) சரியாக 6 தரும். ‘க்ஷ’வை மட்டும் இரண்டாக எண்ணும்.

பிற்சேர்க்கை: ‘மஞ்சள் பௌடர்’ சிக்கவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘பௌ’வை ‘பெ’, ‘ள’ என்று தனித்தனியாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். ‘ள’ முழு எழுத்து என்பதால் நார்மலைஸ் அதைத் தொடாது. ஒற்றைக்கொம்புக்குப் பின் ‘ள’ வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாம் என்று போனால் வெள்ளரிக்காய் கெட்டுவிடும். தவறாக வரும் சொற்களை மட்டும் ஒரு திருத்தப் பட்டியலில் போடுங்கள். பௌடரோடு வெள்ளரிக்காயையும் டெஸ்டில் சேருங்கள்.