கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி: விழுங்குவதற்கு முன்னும் பின்னும்

வயிற்று எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி (பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்ப்பது) இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. ஹீமோகுளோபின் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கேப்ஸ்யூலுக்கு எழுதுவார்கள். இந்தக் குழாய்கள் எட்டாத சிறுகுடலை, மாத்திரை போல விழுங்கும், 26 மி.மீ. நீளமும் 11 மி.மீ. தடிமனும் உள்ள கேமரா படமெடுத்துக்கொண்டே கடக்கும். மலம் கறுப்பாகப் போகிறதென்றால் 48 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. ரத்தக் கசிவு நின்றபின் இடம் பிடிபடாமல் போகலாம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, குடலில் எங்காவது சுருக்கம் இருக்கிறதா என்பது. குடல் காசநோய், குரோன்ஸ் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி), பழைய அறுவை சிகிச்சை, வருடக்கணக்கில் வலி மாத்திரை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிட்டபின் வயிறு உப்பி, சுருட்டிப் பிடித்து வலித்தால் அதையும் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால், கேமரா இல்லாத, தானே கரையும் சோதனைக் கேப்ஸ்யூலை முதலில் கொடுப்பார்கள். சுமார் 30 மணி நேரத்தில் அது முழுசாக வெளியே வந்துவிட்டால் வழி திறந்திருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டு, உள்ளே சிக்கிய கேமராவை எடுக்க ஆபரேஷன் வரை போவது வீண் வேதனை.

இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதன் கறுப்பு குடல் சுவரில் படிந்து படத்தைக் கெடுக்கும். முந்தைய நாள் மதியத்துக்குமேல் தெளிந்த திரவம் மட்டும். சிவப்பு நிற பானம் வேண்டாம். மாலையில் பெக் பேதிக் கரைசல், வழக்கமாக 2 லிட்டர். பிறகு 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு. காலையில் தரும் சிமெத்திகோன் நுரையை அடக்கும். நுரைக்குமிழி ஒன்று சின்னப் புண்ணை மறைக்கப் போதும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டரிடம் மாற்றி வாங்குங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

விழுங்கி 2 மணி நேரம் கழித்துத் தண்ணீர், 4 மணி நேரம் கழித்து இட்லி மாதிரி லேசான உணவு. கேப்ஸ்யூல் அனுப்பும் படங்களைப் பதிவுசெய்ய இடுப்பில் கட்டிவிடும் ரெக்கார்டரின் விளக்கு மினுக்குகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்குக் கேப்ஸ்யூல் வயிற்றிலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். பேட்டரியோ 8 முதல் 12 மணி நேரம்தான். அதனால் ஒரு மணி நேரத்தில் திரையில் பார்த்து, நகரவில்லையென்றால் மருந்து கொடுப்பார்கள் அல்லது எண்டோஸ்கோப்பால் சிறுகுடலுக்குள் தள்ளிவிடுவார்கள்.

வெளியே வந்த கேப்ஸ்யூலைத் திருப்பித் தரத் தேவையில்லை. படங்கள் ரெக்கார்டரில் உள்ளன. 2 வாரத்தில் வரவில்லையென்றால் வயிற்று எக்ஸ்ரே. வெளியேறியது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. கூடாது. வாந்தி, கடும் வலி வந்தால் அன்றே போங்கள்.

மற்ற வகைக் கேப்ஸ்யூல்களில் பெருங்குடல் கேப்ஸ்யூலுக்கு இரு முனையிலும் கேமரா உண்டு, இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அதை 2021-இல் சோதனை முறையில் தொடங்கியது. பேதி மருந்து அதற்கு இன்னும் அதிகம். காந்தத்தால் திருப்பி இரைப்பையைப் பார்க்கும் கேப்ஸ்யூலுக்கு அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கிடைத்தது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் ரத்தப் புள்ளி ஒன்றிரண்டில் மட்டுமே தெரியலாம். அந்தச் சலிப்பான தேடலைச் செயற்கை நுண்ணறிவு சுருக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் இன்று மருத்துவமனைகளில் தரும் கேப்ஸ்யூல் சதைத் துணுக்கு எடுக்காது, கசிவை அடைக்காது. அதனால் ரிப்போர்ட் வாங்கும்போது, புண் தெரிந்தது சிறுகுடலுக்குள் நுழைந்து எத்தனை நிமிடத்தில் என்று கேளுங்கள். அடுத்து பலூன் எண்டோஸ்கோப்பை (பலூன் உதவியால் சிறுகுடலுக்குள் ஆழமாகப் போகும் குழாய்) வாய்வழி விடுவதா ஆசனவாய் வழியா என்பதை அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவுசெய்வார்கள்.