பீப்பாய் ஏல் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, சனிக்கிழமை மதியம் ப்ரூவரிக்குப் போய்ப் பீப்பாயை எடுத்துட்டு வந்தா, சாயங்காலம் பார்ட்டில ஊத்திடலாம்ல?" பல வருஷத்துக்கு முன்னால் நான் யாரையும் கேட்காமலே செய்த அதே வேலை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பீர் காய்ச்சும் சின்ன ப்ரூவரிகளுக்குப் பஞ்சமில்லை, லாகர் என்கிற சில்லென்று குடிக்கும் சாதா பீர் அலுத்துப்போய், பீப்பாய்க்குள்ளேயே பக்குவமாகும் ரியல் ஏல் என்கிற பீர் பக்கம் வரும் நம் ஆட்களுக்கும் குறைவில்லை. ஐஸ் போடாதே, மடக் மடக்கென்று குடிக்காதே என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

வாங்கிய அன்றே திறப்பது

ரியல் ஏல் பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். அங்கேயே இன்னொரு முறை நொதிக்கும், அந்த நொதிப்பில் வரும் காஸ்தான் அதில் இருப்பது. ஈஸ்ட் அடியில் படிய ஒரு நாள், இரண்டு நாள் ஆகும்.

என் 40-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு ஃபர்கின் பீப்பாய் வாங்கினேன்: 9 காலன், 72 பைன்ட், ஏறக்குறைய 50 கிலோ. ஜூலை வெயிலில், இந்த ஊர் மேடுபள்ளமெல்லாம் ஏறி இறங்கி, கார் டிக்கியில் உருண்டு வந்ததை நேராகச் சமையலறை மேசையில் கிடத்தி, காஸை வெளியேற்றாமலே மரச்சுத்தியால் குழாயை அடித்து இறக்கினேன். கோலி சோடாவைக் குலுக்கித் திறந்த கதைதான். என் சட்டை, எதிரே ஃப்ரிட்ஜ் கதவு, பக்கத்தில் நின்ற அக்காவின் பட்டுப்புடவை. மிஞ்சியது கழுநீர் மாதிரி இருந்தது. முக்கால் பீப்பாயை சிங்க்கில் கொட்டினேன், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இரண்டு நாள் முன்னாலேயே கொண்டுவாருங்கள். ஆடாமல் ஆப்பு வைத்துப் படுக்கப் போடுங்கள், இடம் 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்கட்டும். மேல்பக்க அடைப்பில் மென்மையான மரக்குச்சியை அடித்தால் நுரை பொங்கிக் காஸ் மெதுவாகப் போகும். பொங்குவது அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் கெட்டிக் குச்சி, அப்புறம்தான் குழாய். ஊற்றும்போது மேல்குச்சியைப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் காற்று புக வழியில்லாமல் குழாயில் சொட்டுத்தான் வரும். முடிந்ததும் மறுபடி அடைத்துவிடுங்கள்.

அவ்வளவு பொறுமை இல்லையா, ப்ரூவரியில் 'பிரைட்' என்று கேளுங்கள். அடியில் படிந்த ஈஸ்ட் மண்டியிலிருந்து பிரித்து, பாலிபின் என்கிற பெட்டியில் தருவார்கள். அதை அன்றே ஊற்றலாம்.

கலங்கலாக இருந்தால் கெட்டது என்பது

சில ப்ரூவரிகள் வேண்டுமென்றே தெளியவைப்பதில்லை. கண்ணை நம்பாதீர்கள், மூக்கை நம்புங்கள். காடி வாடை அடித்தால் பாரில் திருப்பிக் கொடுங்கள், நல்ல பப் என்றால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள்.

பீர் சைவம்தானே என்பது

தெளியவைக்கப் பெரும்பாலும் போடுவது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற பொருள். அது சேர்க்காததா என்று கேட்டு வாங்குங்கள். என் அத்தை மகனுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.

பாரில் ஏல் இறைக்கும் கைப்பம்பை எண்ணிப் பப்பைத் தேர்ந்தெடுப்பது

திறந்த பீப்பாய்க்கு மூன்று நாள்தான் நல்ல உயிர், காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறதே. செவ்வாய்க்கிழமை ஈயாடும் பப்பில் எட்டுப் பம்பு, அதாவது எட்டுத் திறந்த பீப்பாய், நின்றால் எனக்குப் பயம்தான் வரும். எது வேகமாக ஓடுகிறது என்று கேட்டு அதையே வாங்குங்கள்.

மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு வைப்பது

வேண்டாம். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுங்கள்.