பைக் நம்பர் பிளேட்டுக்குப் பொலிஸ் மறித்தால்: கொழும்பில் ஓடுபவர்களுக்கு

ஹெல்மட் இருக்கு, லைசன்ஸ் இருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கு, இனி யார் நம்மை மறிப்பது என்று நினைத்துக்கொண்டுதான் கொழும்பில் பாதிப் பேர் பைக்கை எடுக்கிறார்கள். ஆனால் வளைவில் நிற்கிற டிராஃபிக் பொலிஸ்காரருக்கு உங்கள் லைசன்ஸ் தெரியாது, இன்ஷூரன்ஸ் தெரியாது. தூரத்திலேயே அவர் வாசிக்கக்கூடியது பிளேட் மட்டும்தான். அது வாசிக்க முடியாமல் இருந்தால் மற்றதையும் பார்த்துவிடலாம் என்று கை காட்டுவார்.

முதலில் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள், இரண்டும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கொடுத்ததாக, அரச இலச்சினையோடு இருக்க வேண்டும். எழுத்து வரிசையும் முக்கியம். மூன்றெழுத்துப் பிளேட்டில் பைக் என்றால் பி-யில் தொடங்கும், கார் என்றால் சி, ஆட்டோ என்றால் ஏ. பைக்கில் சி-யில் தொடங்கும் நம்பரைக் கண்டால் அனுபவமுள்ள சார்ஜனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பழைய பைக்குகளில் இரண்டெழுத்தும், அதற்கும் முந்தைய இலக்க வரிசைகளும் இன்னும் ஓடுகின்றன, அவற்றில் பிரச்சினை இல்லை. பதிவுப் புத்தகத்தில் இருப்பதும் தகட்டில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் சரி.

தண்டம் கட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் கள்ளர்கள் இல்லை, பைக்கை வடிவாக்கப் போனவர்கள். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் "தம்பி, பின்பக்கத்தை வெட்டி பிளேட்டை உள்ளுக்குத் தள்ளினா ரேஸ் பைக் மாதிரி இருக்கும்" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். இருக்கும், உண்மைதான். ஆனால் தகடு சீட்டுக்கு அடியில் மடங்கிவிட்டால் பின்னால் வருகிறவருக்கு நம்பர் தெரியாது, பொலிஸுக்கு அதுவே போதும். அதுபோலத்தான் ஸ்டிக்கர் கடையில் அடித்த சாய்ந்த எழுத்து, அளவு குறைத்த குட்டித் தகடு, கறுப்புக் கண்ணாடி மாதிரிக் கவர், நம்பருக்குக் குறுக்கே ஒட்டிய சாமி படம். சாமி படத்தை டாங்கில் ஒட்டுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். டெலிவரி ஓடுகிறவர்கள் பெட்டியைக் கட்டிய பிறகு ஒருமுறை இறங்கிப் பின்னால் நின்று பாருங்கள், மழை அங்கியோ கட்டிய பையோ தகட்டின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். அதை ஓடுகிறவர் கவனிப்பதில்லை.

பொலிஸார் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. மழைநாளில் சேறு பட்ட பிளேட் என்றால் பல நேரம் துடைக்கச் சொல்லி விட்டுவிடுவார்கள், அது நிற்கிற ஆளின் மனநிலையையும் உங்கள் வாயையும் பொறுத்தது. மாற்றிய, மறைத்த பிளேட்டுக்குத் தண்டச் சீட்டு. 2018இல் நடைமுறைக்கு வந்த 33 குற்றங்களின் ஸ்பாட் ஃபைன் பட்டியலில் இலக்கத்தகட்டுக் குற்றத்துக்கு 1000 ரூபாய். வேறொரு வாகனத்தின் நம்பரைப் போட்டிருந்தால் கதையே வேறு. பைக் ஸ்டேஷனுக்குப் போகும், செசி நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பார்ப்பார்கள், பிறகு நீதிமன்றம். இந்த நாட்டில் துப்பாக்கியால் சுட்டுவிட்டுத் தப்புகிறவர்கள் பலமுறை போலி நம்பர் போட்ட பைக்கில்தான் வந்திருக்கிறார்கள், அதனால் இந்த விஷயத்தில் கெஞ்சி ஒன்றும் ஆகாது.

மறித்தால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹெல்மட்டைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். "சேர், என்ன குற்றம்?" என்று கேட்பது உங்கள் உரிமை, அதைச் சண்டை மாதிரிக் கேட்க வேண்டியதில்லை. சீட்டு எழுதினால் லைசன்ஸை அவர் வைத்துக்கொள்வார், அந்தச் சீட்டுதான் தற்காலிக லைசன்ஸ். எந்தக் குற்றம், எந்தத் தொகை, எந்த ஸ்டேஷன் என்று அங்கேயே பாருங்கள். சிங்களம் வாசிக்க வராவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஒப்பமிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டை அந்த ஸ்டேஷனில் காட்டினால் லைசன்ஸ் கைக்கு வரும். 14 தாண்டினால் 28ஆம் நாள் வரை இரட்டிப்பு, அதற்கும் பிறகு நீதவான் நீதிமன்றம். ஆயிரம் ரூபாய்க்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டு வழக்குக்குப் போவது முட்டாள்தனம். காசு கேட்டால் இலஞ்ச ஒழிப்பு ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954 இருக்கிறது. நீங்களாகக் காசை நீட்டினால் அதுவும் குற்றம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது மறிக்காமலும் பிடிக்கிறார்கள். 2024 ஜனவரி 22 முதல் கொழும்பில் சிசிடிவி கமராவைப் பார்த்துத் தண்டம் விதிக்கத் தொடங்கினார்கள். கமரா உங்கள் முகத்தைத் தேடுவதில்லை, நம்பரைத்தான் தேடுகிறது, அறிவித்தல் பதிவுச் சொந்தக்காரரின் முகவரிக்குப் போகிறது. ஓபன் பேப்பரில், அதாவது உரிமையை மாற்றாமல் ஒப்பமிட்ட படிவத்தோடு, பைக்கை விற்றுவிட்டு மறந்துபோனவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வாங்கினவர் சிவப்பு விளக்கில் பாய்ந்தாலும் கடிதம் வெள்ளவத்தையில் உள்ள உங்கள் வீட்டுக்குத்தான் வரும். விற்ற உடனேயே உரிமை மாற்றப் படிவத்தை நிரப்பித் திணைக்களத்துக்கு அறிவித்து, வாங்கினவரின் அடையாள அட்டைப் பிரதியோடு கோப்பில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தகடு தொலைந்தாலோ உடைந்தாலோ கடையில் ஒன்றை அடித்துப் போடாதீர்கள். முதலில் பொலிஸில் முறைப்பாடு, அதன் பிரதி, பதிவுப் புத்தகம், மிச்சமுள்ள தகடு எல்லாவற்றோடும் திணைக்களத்தில் புதிய தகட்டுக்கு விண்ணப்பம். உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், 2025இல் தகடு தட்டுப்பாட்டால் புதிதாகப் பதிந்த வாகனங்களே காத்திருக்க நேர்ந்தது. காத்திருக்கிற காலத்தில் முறைப்பாட்டுப் பிரதியையும் விண்ணப்ப ரசீதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு பைக் இருக்கைக்கு அடியில் வையுங்கள், போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்கிற நேரம் பார்த்துத்தான் மறிப்பார்கள்.