புள்ளிகளால் ஆன வடிவத்தைப் பெரிதாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தானில் ஒரு வடிவத்தைப் புள்ளிகளின் லிஸ்ட்டாக வைத்திருக்கிறீர்கள். அதை இரண்டு மடங்காக்க, எல்லா எண்களையும் 2-ஆல் பெருக்கினால் போதும் என்றுதான் தோன்றும். (100, 100), (200, 100), (200, 200), (100, 200) என்ற சதுரத்தில் செய்து பாருங்கள். அளவு இரட்டிக்கும், ஆனால் (150, 150)-இல் இருந்த மையம் (300, 300)-க்குப் போய்விடும். வெறும் பெருக்கலில் அசையாமல் நிற்பது (0, 0) மட்டும்தான். வடிவம் இருந்த இடத்திலேயே வளர வேண்டுமென்றால், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மையத்தைக் கழித்து, பெருக்கி, மறுபடி மையத்தைக் கூட்டுங்கள். சதுரம் (50, 50) முதல் (250, 250) வரை சரியாக விரியும்.

சரி, மையத்துக்குப் புள்ளிகளின் சராசரியை எடுக்கலாமா? இந்தச் சதுரத்துக்கு எடுக்கலாம். ஆனால் வடிவத்தை மூடுவதற்காக முதல் புள்ளியைக் கடைசியிலும் சேர்த்திருந்தால், சராசரி (140, 140) என்று வரும். அந்தக் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டுக் கணக்கிடுங்கள். மையத்தை, புள்ளிகளை ஒவ்வொன்றாக மாற்றும் லூப்புக்கு வெளியே, ஒரே ஒரு தடவை கணக்கிடுங்கள். உள்ளே வைத்தால் பாதிப் புள்ளிகள் நகர்ந்ததுமே மையமும் நகர்ந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் படுத்துவது, மூலப் புள்ளிகளையே மாற்றிவிடும் பழக்கம். அனிமேஷனில் ஃபிரேமுக்கு 1.01 என்று பெருக்கிக்கொண்டே போனால், நொடிக்கு 60 ஃபிரேமில் வடிவம் ஒரே நொடியில் சுமார் 1.8 மடங்காகிவிடும். நடுவில் முழு எண்ணாக்கினால் இன்னும் மோசம்: 101-ஐப் பாதியாக்கினால் 50.5, பைத்தானின் ரவுண்ட் அதை 50 ஆக்கும், திரும்ப இரட்டித்தால் 100. போன ஒன்று போனதுதான். மூலத்தைத் தொடாமல் வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே, அந்த நேரத்து மொத்த மடங்கால் புதுப் புள்ளிகளைக் கணக்கிடுங்கள். முழு எண்ணாக்குவதைத் திரையில் வரையும்போது மட்டும் செய்தால் போதும்.

நகல் எடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையிலும் ஏமாறலாம். ஒரு லிஸ்ட்டை இன்னொரு பெயருக்குச் சமமாகப் போட்டால் அது நகலே அல்ல. காப்பி செய்தாலும் வெளி லிஸ்ட்தான் புதிது. உள்ளே ஒவ்வொரு புள்ளியும் லிஸ்ட்டாக இருந்தால் அவை பழையவையேதான். புள்ளிகளை டியூப்பிளாக, அதாவது உருவாக்கிய பின் மாற்ற முடியாத தொகுப்பாக, வைத்துவிட்டால் காப்பி செய்த லிஸ்ட்டில் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், பரப்பளவு இரட்டிக்க வேண்டுமென்றால் மடங்கு 2 அல்ல, சுமார் 1.414. எக்ஸை மட்டும் −1-ஆல் பெருக்கினால் வடிவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பும். புள்ளிகள் சுற்றும் திசையும் மாறுவதால் புள்ளிகளின் வரிசையை வைத்துப் போடும் பரப்பளவுக் கணக்கின் கூட்டல்-கழித்தல் குறி தலைகீழாகிவிடும். அப்போது லிஸ்ட்டைத் திருப்பிப் போடுங்கள்.