ரோமன் ஃபோரம்: முதல் தடவை போகிறவர்கள் எங்கே தொடங்கி எப்படி நடப்பது

பழைய ரோம் நகரத்தின் மையச் சதுக்கம்தான் ரோமன் ஃபோரம், இன்று இடிபாடுகளாக நிற்கிறது. முதல் தடவை அதற்குள் போனபோது நாற்பதே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். ஜூலை மாத நடுப்பகல். எந்தப் பக்கம் திரும்பினாலும் உடைந்த தூண். எது கோயில், எது நீதிமன்றம் என்று ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த தடவை வரிசையை மாற்றினேன்: முதலில் மேலே நின்று பார்த்தேன், அப்புறம்தான் கீழே இறங்கினேன். அந்த வரிசையை அப்படியே இங்கே தருகிறேன்.

படி 1: டிக்கெட்

கொலோசியம், ஃபோரம், பக்கத்திலுள்ள பாலடைன் குன்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். கொலோசியத்துக்கு மட்டும் நேரம் குறித்து வாங்க வேண்டும். டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், அதனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்தான், ஆனால் அன்றைய கூட்டத்தில் புதிதாக வருகிறவர் எதையும் நின்று பார்க்க முடியாது. காசு கொடுத்தே போங்கள்.

படி 2: நேரம், செருப்பு, தண்ணீர்

திறந்தவுடன் போங்கள், இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். உள்ளே நிழல் குறைவு. பழைய சாலையின் கருங்கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், வழவழப்பான அடியுள்ள செருப்பு ஆகாது. தண்ணீரை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ரோம் நகரத் தெருக்களில் எந்நேரமும் தண்ணீர் ஓடும் இரும்புக் குழாய்கள் உண்டு, வழியில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

படி 3: முதலில் மேலே ஏறுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. கேப்பிட்டலின் குன்றின் உச்சியில் மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கம் இருக்கிறது. அங்கே எதிரே தெரியும் மாளிகைக்கு வலப்பக்கமாகச் சுற்றிப் போனால், ஃபோரம் முழுக்க காலடியில் விரியும். டிக்கெட் தேவையில்லை.

பதினைந்து நிமிடமாவது நின்று நாலு அடையாளங்களை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டத்தில் எட்டுத் தூண்களோடு நிற்பது சாட்டர்ன் கோயில், ரோமின் அரசுக் கருவூலம் இருந்த இடம். இடப்பக்கம் மூன்று வாயில்களுள்ள பெரிய வளைவு, பேரரசர் செப்டிமியஸ் செவரஸுடையது. அதற்கு அப்பால் பெட்டி போன்ற செங்கல் கட்டடம் கூரியா, அதாவது செனட் கூடிய மண்டபம். தொலைவில் மேட்டின் மேல் தெரியும் ஒற்றை வளைவு பேரரசர் டைட்டஸுடையது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: இது ஒரு பள்ளம். ஆதியில் சதுப்பு நிலம். வடிகால் வெட்டி நீரை டைபர் ஆற்றுக்குத் திருப்பிய பிறகுதான் இங்கே சந்தை வந்தது, வழக்கு வந்தது, அரசியல் வந்தது. பேரரசு சரிந்தபின் வெள்ளத்தின் வண்டலும் இடிபாடும் சேர்ந்து பள்ளம் திரும்பத் தூர்ந்துபோனது. பிற்காலத்தில் இந்த இடத்துக்கு 'மாட்டு மேய்ச்சல்' என்றே பெயர். இப்போது நீங்கள் பார்க்கும் தரை, 19ஆம் நூற்றாண்டிலிருந்து தோண்டி எடுத்த தரை.

படி 4: கீழே இறங்குதல்

குன்றிலிருந்து இறங்கி ஃபோரி இம்பீரியாலி சாலைக்கு வாருங்கள். அது முசோலினி பழைய சதுக்கங்களின் மேலேயே போட்டு 1932இல் திறந்த சாலை. கொலோசியத்துக்குப் போகும் வழியில் வலப்பக்கம் ஒரு நுழைவாயில் வரும். உள்ளே போனதும் சரிவில் இறங்குவீர்கள். தெரு மட்டத்துக்கும் ரோமானியத் தரைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைக் கால் சொல்லிவிடும்.

இறங்கியதும் இடப்பக்கம் அன்டோனினஸ், ஃபாஸ்டினா கோயில். மனைவி ஃபாஸ்டினா இறந்தபின் பேரரசர் அன்டோனினஸ் கி.பி. 141இல் எடுத்தது. பின்னால் தேவாலயமானது. அதன் கதவைப் பாருங்கள்: படிகளுக்கும் மேலே, யாருக்கும் எட்டாத உயரத்தில் நிற்கிறது. அந்தக் கதவை வைத்த காலத்தில் தரை அங்கேதான் இருந்தது. எனக்கு இந்த இடம் முழுக்கவும் புரிந்தது இந்தக் கதவைப் பார்த்தபோதுதான்.

அதற்கு எதிரே, சின்னக் கூரைக்கு அடியில் ஒரு மண்மேடு. ஜூலியஸ் சீசரின் உடலை எரித்த இடம். இன்றும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். பலர் நினைப்பதுபோல அவரைக் கொன்றது இங்கே இல்லை. கி.மு. 44 மார்ச் 15 அன்று அது நடந்தது பாம்பேயுஸ் (Pompey) என்ற ரோமானியத் தளபதி கட்டிய மண்டபத்தில், ஃபோரத்துக்கு வெளியே.

படி 5: செவரஸ் வளைவு வரை

இப்போது வலப்பக்கம் திரும்பி நடங்கள். கூரியாவைத் தாண்டியதும் கி.பி. 203ஆம் ஆண்டின் அந்த வளைவு. அவசரப்படாமல் மேலேயுள்ள கல்வெட்டின் நாலாவது வரியைப் பாருங்கள். எழுத்துகளுக்கு நடுவே வேண்டாத ஓட்டைகள் தெரியும். அங்கே முதலில் இருந்தது செவரஸின் இளைய மகன் கெட்டாவின் பெயர். அண்ணன் கராகல்லா அவனைக் கொன்றுவிட்டு, பேரரசெங்கும் அவன் பெயரை அழிக்கச் சொன்னான். வெண்கல எழுத்துகளைப் பிடுங்கி வேறு வாசகம் பதித்தார்கள். பழைய எழுத்தின் ஆணித் துளைகளை மட்டும் மறைக்க முடியவில்லை.

படி 6: திரும்பி மேட்டுக்கு

சதுக்கத்தின் மறுபக்கமாகத் திரும்புங்கள். ஜூலியா பசிலிக்கா என்ற பழைய பொது மண்டபத்தின் படிகளில் வேலையில்லாதவர்கள் கீறிய விளையாட்டுக் கட்டங்களைத் தேடலாம். காஸ்டர் கோயிலின் மூன்று தூண்களையும் வெஸ்டா தேவதையின் பூசாரிப் பெண்களான வெஸ்டா கன்னியர் இல்லத்தையும் கடந்து 'சேக்ரட் வே' என்ற பழைய புனிதச் சாலையில் ஏறினால், இடப்பக்கம் மூன்று பிரம்மாண்ட வளைமாடங்கள். அது மாக்சென்டியஸ் பசிலிக்கா. அது எழும்புவதற்கு முன் அந்த இடத்தில் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று சங்கப் புலவர் முசிறியைப் பற்றிப் பாடினார். அந்த மிளகு வந்து இறங்கிய இடங்களில் ஒன்று இது. நான் இங்கே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மேட்டின் உச்சியில் டைட்டஸ் வளைவு. உள்பக்கச் சுவர்ச் சிற்பத்தில், எருசலேமின் யூதக் கோயிலிலிருந்து கொள்ளையடித்த ஏழு கிளை விளக்கை ரோமானியர்கள் தூக்கி வருகிறார்கள்.

இங்கிருந்து வலப்பக்கம் ஏறினால் பாலடைன் குன்று, நேரே போனால் வெளியே. வெளியே போய்விட்டால் அதே டிக்கெட்டில் திரும்ப விடமாட்டார்கள். அதனால் குன்றை முடித்துவிட்டே வெளியேறுங்கள். கொலோசியத்துக்குக் குறித்த நேரத்துக்கு முன் மூன்று மணி நேரமாவது கையில் இருக்கட்டும். நான் ஒன்றரை மணி நேரம்தான் விட்டிருந்தேன், பாலடைனை ஓடியே பார்த்தேன்.