மெயிலில் வரும் ஃபைலுக்கு ஐகான் ஏன் மாறுகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை தம்புச் செட்டித் தெருவின் சரக்கு கிளியரிங் அலுவலகமோ வண்ணாரப்பேட்டை ஜெராக்ஸ் கடையோ, எங்கே போனாலும் இதே குழப்பம்தான். ஒரே பிடிஎஃப் இன்வாய்ஸுக்கு மெயிலில் ஒரு ஐகான், டெஸ்க்டாப்பில் சேமித்தால் வேறு ஐகான், பக்கத்து சீட் கம்ப்யூட்டரில் வெறும் வெள்ளைத் தாள். உடனே "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, திரும்ப அனுப்புங்க" என்று போன் போகும். பெரும்பாலும் ஃபைலில் ஒரு குறையும் இருக்காது.

விண்டோஸ் ஃபைலைப் பிரித்துப் பார்த்து ஐகான் போடுவதில்லை. பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பிறகு வரும் எக்ஸ்டென்ஷனை மட்டும் பார்த்து, அதை எந்த மென்பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறீர்களோ அதன் ஐகானை ஒட்டுகிறது. மெயிலுக்குள்ளோ, அனுப்பியவரின் மென்பொருள் "இது பிடிஎஃப்" என்று தனியாக ஒரு சீட்டு ஒட்டி அனுப்பும். சில பில்லிங் மென்பொருள்கள் அந்தச் சீட்டில் 'ஆக்டெட் ஸ்ட்ரீம்', அதாவது வகை குறிப்பிடாத தரவு, என்று மட்டும் எழுதிவிடும். அதனால்தான் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் ஒருவர் அனுப்பும் பிடிஎஃப் நேராகத் திறக்கிறது, இன்னொருவருடையது எதில் திறப்பது என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறது.

எக்ஸ்டென்ஷன் தெரியாதபடி விட்டுவைப்பதுதான் மிகப் பெரிய தவறு. விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும். 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று வரும் வைரஸ் உங்கள் கண்ணுக்கு 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்றே தெரியும். இஎக்ஸ்இ என்பது டபுள் கிளிக் செய்ததும் ஓடும் மென்பொருள்; அந்த ஃபைலுக்குள் எந்தப் படத்தையும் ஐகானாக வைக்கலாம், அடோபியின் சிவப்பு ஐகான் உட்பட. விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று டிக் போடுங்கள். விண்டோஸ் 10இல் வியூ டேபிலேயே அந்த டிக் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

எக்ஸ்டென்ஷன் தெரிந்த பிறகு அதைத் திருத்தி ஃபைலை மாற்றப் பார்ப்பது அடுத்த தவறு. பெயரை மாற்றினால் ஐகான்தான் மாறும், உள்ளே இருப்பது மாறாது. எக்செல் "ஃபார்மேட்டும் எக்ஸ்டென்ஷனும் பொருந்தவில்லை" என்று எச்சரித்தால், அந்த ஃபைல் உள்ளே ஹெச்டிஎம்எல், அதாவது வெப்பேஜ் வடிவ அட்டவணையாக இருக்கலாம். அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் திறந்து, சேவ் ஆஸ் கொடுத்து எக்செல் ஒர்க்புக்காகச் சேமியுங்கள்.

ஒரு வகை ஃபைல் எப்போதும் எந்த மென்பொருளில் திறக்க வேண்டும் என்ற டிஃபால்ட்டை மாற்றும்போது ரைட் கிளிக், ஓப்பன் வித், 'ஜஸ்ட் ஒன்ஸ்' என்று கொடுத்தால் அந்த ஒரு தடவையோடு சரி. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் போய், மேலே உள்ள பெட்டியில் புள்ளியோடு சேர்த்து எக்ஸ்டென்ஷனை டைப் செய்து மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 8 முதல் இந்தத் தேர்வு ஒரு சரிபார்ப்புக் குறியீட்டோடு பதிவாகிறது. வேறு மென்பொருள் குறுக்கே புகுந்து மாற்றினால் குறியீடு பொருந்தாமல், விண்டோஸ் தன் சொந்த டிஃபால்ட்டுக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு யூசர் அக்கவுண்டுக்கும் இது தனித்தனி. இரண்டு பேர் தனித்தனி லாகினில் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் இரண்டு தடவை செய்ய வேண்டும். தண்டர்பேர்டுக்குத் தனிப் பட்டியல் உண்டு: செட்டிங்ஸ், ஜெனரல், ஃபைல்ஸ் அண்ட் அட்டாச்மெண்ட்ஸ். விண்டோஸில் சரிசெய்தும் மெயிலில் மாறவில்லை என்றால் அங்கே பாருங்கள்.

பிடிஎஃப்புக்கு பிரவுசரை டிஃபால்ட்டாக வைப்பது படிக்க மட்டும் என்றால் போதும். இ-ஆதாரிலும் டிஜிட்டல் கையெழுத்து போட்ட ஆவணங்களிலும் கையெழுத்தைச் சரிபார்க்க அடோபி ரீடர் போன்ற மென்பொருள் வேண்டும். அடோபியில் கையெழுத்தின் மேல் கேள்விக்குறி இருந்தால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து வேலிடேட் சிக்னேச்சர் கொடுக்கலாம். சில பழைய அரசுப் படிவங்கள் பல பிரவுசர்களில் "ப்ளீஸ் வெயிட்" என்றே நின்றுவிடும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது திறக்காது. அது எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய பிடிஎஃப் படிவ வகை. சேமித்து அடோபியில் திறங்கள்.

காசே நஷ்டமாகும் தவறு சிஎஸ்வி ஃபைலில் இருக்கிறது. அதற்கு எக்செல் ஐகான் வந்தாலும் அது வெறும் எழுத்து ஃபைல். காசிமேட்டிலிருந்து போகும் இறாலுக்கு ஹெச்எஸ் எண், அதாவது சுங்கத்துக்கான சரக்கு வகை எண், 0306 என்று தொடங்கும். டபுள் கிளிக் செய்தால் எக்செல் முன்னால் உள்ள 0ஐத் தூக்கிவிட்டு, 8 இலக்கத்தை 7 ஆக்கிவிடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணாக இருந்தால் 15க்கு மேல் உள்ள இலக்கம் 0 ஆகிவிடும். அப்படியே சேவ் செய்தால் பழைய எண் போனது போனதுதான். காலி எக்செலைத் திறந்து டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகக் கொண்டுவந்து, 'டூ நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' தேர்ந்தெடுங்கள். பார்த்து ஃபார்வர்டு செய்வது மட்டும்தான் உங்கள் வேலை என்றால், சிஎஸ்விக்கு நோட்பேடையே டிஃபால்ட்டாக வைத்துவிடுங்கள்.

மெயிலிலிருந்தே டபுள் கிளிக் செய்து திறந்த ஃபைலில் திருத்தம் செய்யாதீர்கள். அது தற்காலிக ஃபோல்டரில் இருக்கும் நகல். மாலையில் தேடினால் கிடைக்காமல் போகலாம். முதலில் சேமித்துவிட்டுத் திறங்கள். விண்டோஸின் 2025 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு, இணையத்திலிருந்து வந்த ஃபைல்களுக்கு எக்ஸ்ப்ளோரர் பிரிவியூ காட்டுவதில்லை. நம்பகமான ஃபைல் என்றால் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் டிக் போடலாம். அனுப்பிய ஃபைலுக்குப் பதில் 'வின்மெயில்.டேட்' என்று ஒன்று வந்தால் உங்கள் பக்கம் பிழை இல்லை. அனுப்புபவர் அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்டை விட்டு ஹெச்டிஎம்எல்லுக்கு மாற வேண்டும்.

எல்லாம் சரிசெய்தும் பழைய ஐகானே நின்றால் டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுங்கள். வெள்ளைத் தாள் மட்டும் மாறவில்லையா? அந்த எக்ஸ்டென்ஷனுக்கு ஒதுக்கியிருந்த மென்பொருளை யாரோ அன்இன்ஸ்டால் செய்திருக்கலாம்.